இன்னும் ஒரே ஒரு பாகம்!

“இன்னும் ஒரே ஒரு பாகம்தான், ஆயா!” கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் அதிகம் ஒலித்த வாக்கியம் இதுவே. சகோதரிகளாகிய எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கைப்பேசி. அதில் 16 பாகங்கள் கொண்ட கொரியத் தொடர். மூன்றே இரவுகளில் பார்த்து முடித்தோம்.

இரண்டாம் இரவு, காய்ச்சலில் படுத்திருந்த ஆயா தண்ணீர் கேட்டார். “இதோ” என்றோம். அந்த ‘இதோ’ ஒரு பாகம் முழுவதும் நீண்டது. எழுந்து சென்றபோது, ஆயா தாமே சுவரைப் பிடித்தபடி பானையருகே நின்றிருந்தார். ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எங்களைச் சுட்டது.

ஆயாவிடம் உயிரையே வைத்திருக்கும் நாங்கள் ஏன் அப்படிச் செய்தோம்? மனோதத்துவம் ஒரு விடை தருகிறது. முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலையே நினைவில் அதிகம் தங்குகிறது என்று புளூமா செய்கார்னிக் என்ற பெண் அறிஞர் 1927-ஆம் ஆண்டு தம் ஆய்வில் எழுதினார். தொடர் எடுப்போரும் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு முடிச்சுப் போட்டே நிறுத்துகின்றனர். 1987-இல் தூரதர்ஷனில் இராமாயணம் பார்த்தவர்கள் அடுத்த ஞாயிறு வரை காத்திருந்தார்கள். இன்றோ சில விநாடிகளில் அடுத்த பாகம் தானே ஓடத் தொடங்குகிறது. தொடர்ந்து பார்க்க எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை; நிறுத்துவதற்குத்தான் மன உறுதி வேண்டும். நள்ளிரவுத் தூக்கக் கலக்கத்தில் அது எங்கிருந்து வரும்?

ஆயாவும் சிறு வயதில் விடிய விடியக் கண் விழித்தவர்தாம்! நம் செஞ்சிக்கு அருகே மேலச்சேரி திரௌபதி அம்மன் திருவிழாவில், அக்கம்பக்கத்தாரோடு அமர்ந்து பாரதக் கூத்துப் பார்த்ததை இன்றும் சொல்வார். ஆனால், பொழுது விடிந்தால் கூத்து முடிந்துவிடும். ஊரே கூடிப் பார்க்கும். தாகம் என்றால், பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் தருவார். எங்கள் வீட்டிலோ பக்கத்து அறைக்குக்கூடத் தண்ணீர் போய்ச் சேரவில்லை.

இப்போது நாங்கள் ஒரு வழி கண்டிருக்கிறோம். பாகத்தின் இறுதியில் அல்ல, நடுவில் நிறுத்துகிறோம். பழைய முடிச்சு அவிழ்ந்திருக்கும். புதிய முடிச்சு விழுந்திராது. மனமும் எளிதில் விடை கொடுக்கிறது. தானே ஓடும் வசதியையும் அணைத்துவிட்டோம். இரவு 9 மணிக்குக் கைப்பேசி அம்மாவின் அலமாரிக்குள் போய்விடும்.

தொடர் பார்ப்பது பாவமன்று, தோழியரே! அழைக்கும் குரல் காதில் விழாமற் போவதே பிழை. குடும்பச் செபம் முடிந்ததும் ஆயாவின் கட்டிலருகே ஒரு செம்புத் தண்ணீர் வைக்கிறோம். இன்று தங்கையின் முறை. நாளை அக்காவின் முறை.