திருகாணியும் உரிமையும்

ஒரு பண்டத்தை விலைகொடுத்து வாங்கியவன் அதன் முழு உடைமையாளன் ஆகிவிடுகின்றானா? கடையிலே தரப்படும் பற்றுச்சீட்டு ஆம் என்கிறது. ஆயின், அப்பண்டத்தைத் திறந்து உள்ளே பார்க்க முற்படும்போதுதான் அவ்விடையிலுள்ள ஓட்டைகள் புலப்படத் தொடங்குகின்றன.

பழைய கைவிளையாட்டுக் கருவிகளைக் கழற்றி, அவற்றின் திரையையும் ஒலியையும் மின்னூட்டத்தையும் தாமே மாற்றியமைக்கும் பொழுதுபோக்காளர் இன்று பல நாடுகளிலும் உளர். சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்கிவிடத்தக்க அவர்களது முயற்சியில், மேற்கூறிய வினாவுக்கான விடையின் ஒரு பகுதி அடங்கியுள்ளது என்பதே என் கருத்து. தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு இதிலே என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். மனிதன் தான் கையாளும் பொருளோடு கொள்ளும் உறவும் பண்பாட்டின் ஒரு கூறே என்பதுதான் அவர்களுக்கு நான் அளிக்கக்கூடிய விடை.

1989 ஏப்ரிலில் யப்பானிய நிறுவனமான நின்ரெண்டோ ‘கேம் போய்’ என்னும் கருவியை வெளியிட்டது. அதனை உருவாக்கிய பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் குன்பெய் யொக்கோய். அந்நிறுவனம் விளையாட்டுச் சீட்டுக்களைச் செய்துகொண்டிருந்த காலத்தில், 1965இல், இயந்திரங்களைப் பராமரிக்கும் பணிக்கே அவர் சேர்ந்தார். பராமரிப்பாளனின் கண்ணோட்டம் பிற்காலத்திலும் அவரை விட்டு நீங்கவில்லை எனலாம். புத்தம்புதிய தொழில்நுட்பத்தின் பின்னே ஓடாது, நன்கு பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்தைப் புதிய வழியிற் பயன்படுத்துவதே அவர் கொள்கை.

கேம் போயின் திரை வண்ணமற்றது. நான்கு சாயைகளை மட்டுமே காட்டுவது. உள்ளே விளக்கு இல்லாதது. அதே ஆண்டு வெளிவந்த அற்றாரி லிங்ஸும், 1990இல் வந்த சேகா கேம் கியரும் விளக்குடன் கூடிய வண்ணத்திரை கொண்டிருந்தன. ஆனால் அவை ஆறு பற்றரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிடும். கேம் போயோ நான்கு பற்றரிகளோடு பத்து மணி நேரத்துக்கும் மேலாக உழைத்தது. விலையும் குறைவு. அன்றைய நிலையில் விளக்கின்மை என்பது மலிவுக்கும் நீடித்த உழைப்புக்கும் கொடுத்த ஈடாகும். அதனைக் குறைகூறுதல் நேர்மையன்று.

ஆண்டுகள் பன்னிரண்டு கழிந்தன. யொக்கோய் 1996இல் நிறுவனத்தை விட்டு விலகி, 1997இல் வீதி விபத்தொன்றில் மறைந்தார். 2001இல் ‘கேம் போய் அட்வான்ஸ்’ வெளிவந்தது. திரை வண்ணம் பெற்றது; விளக்கு அதிலும் இல்லை. சன்னலோரத்தில் அமர்ந்து, ஒளி விழும் கோணத்தைத் தேடித் தேடி விளையாட வேண்டிய நிலை. 2002இல் ‘அஃப்ரர்பேர்னர்’ என்னும் விளக்குத் தொகுதியொன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதனை வாங்கியோர் கருவியைத் திறந்து, உட்புறப் பிளாஸ்ரிக் விளிம்புகளைச் செதுக்கி, ஒளியைப் பரப்பும் மெல்லிய தகட்டைத் திரைமேற் பதித்து, மின்கம்பிகளைப் பற்றாசு வைத்துப் பொருத்தினர். ஒரு தூசு உட்புகுந்தாலும் மீண்டும் கழற்ற வேண்டும். மறு ஆண்டு, 2003இல், நிறுவனமே முன்விளக்குப் பொருத்திய கருவியொன்றை வெளியிட்டது. 2005இல் அதனினும் துலக்கமான பின்னொளித் திரையோடு அதே கருவி மீண்டும் கடைக்கு வந்தது. பயன்படுத்துவோர் தம் கையாற் செய்துகொண்ட ஒன்று, புதிய பண்டமாக அவர்களுக்கே விற்கப்பட்டது.

புலம்பெயர்ந்த உறவினர் ஒருவர் ஊருக்கு வந்து திரும்புகையில் விட்டுச்சென்ற கேம் போய் அட்வான்ஸ் ஒன்று என்னிடம் உண்டு. சென்ற விடுமுறையில், என் வகுப்பு மாணவன் ஒருவனோடு சேர்ந்து அதற்குப் புதிய பின்னொளித் திரை பொருத்தினேன். இத்தகைய திரைகளைச் சீனத்துச் சிறு நிறுவனங்கள் இன்று செய்து விற்கின்றன. கருவியை மூடியிருப்பவை பெரும்பாலும் மூன்றிதழ்த் தலை கொண்ட திருகாணிகள். வீட்டிலுள்ள திருப்புளி எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. திறவாதே என்று எழுத்தின்றி இடப்பட்ட ஆணை அது. அதற்கெனத் தனித் திருப்புளி வேண்டும். உள்ளேயுள்ள பலகையில் திரையின் நாடா பொருந்துமிடம் சில கருவிகளில் 32 முனைகளும் சிலவற்றில் 40 முனைகளும் கொண்டது. எண்ணிப் பார்த்து ஏற்ற நாடாவைத் தெரிதல் வேண்டும். புதிய திரை பழையதினும் பெரிதாகையால், ஓட்டின் உள்விளிம்பைச் சிறிது சிறிதாக வெட்ட வேண்டியிருந்தது. அதனை மாணவனே செய்தான். மின்சுற்று வினாக்களுக்கு மனனஞ் செய்த விடையை எழுதிப் புள்ளி பெறும் அவன் கை, அன்றுதான் முதன்முதலாக ஒரு சுற்றைத் தொட்டது. திரை ஒளிர்ந்ததும் முகம் மலர்ந்தவன், அடுத்த கணமே கேட்டான்: “சேர், இவ்வளவுதானே வேலை! ஏன் அவை இதை முதலே செய்து தரேல்லை?”

அரசியற் பொருளாதாரத்தின் வாயிலில் நின்று கேட்கப்பட்ட வினா அது. விடையின் ஒரு பாதி தொழில்நுட்பஞ் சார்ந்தது: அன்று இத்தகைய திரை விலை கூடியது; பற்றரியை விரைவில் தீர்ப்பது. மறுபாதி சந்தை சார்ந்தது: குறையேதுமற்ற பண்டத்தை வாங்கியவன் அடுத்த பண்டத்தை வாங்க வரமாட்டான். இரு பாதிகளையும் அவனுக்குச் சொன்னேன். பாடநூலில் ஓர் அத்தியாயம் முழுவதும் நடத்தியும் அவன் மனத்திற் பதியாதது, அரைமணி நேரத்திற் பதிந்தது.

மாற்றியமைப்போர் செய்வன பலவகைப்படும். கேம் போயின் விளையாட்டுப் பேழைகள் சிலவற்றில், விளையாடியவனின் பதிவுகளைக் காத்து நிற்பது நாணயம் போன்ற சிறு பற்றரி. அது தீர்ந்தாற் பதிவுகள் அழியும். பற்றாசை உருக்கி அதனை மாற்றுவர். கேம் கியரின் கொள்ளளவிகள் காலப்போக்கிற் கசிந்து, திரை மங்கி ஒலி ஓய்ந்துபோகும்; அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியன இட்டு உயிர்ப்பிப்பர். வேறு சிலர் இக்கருவியை இசைக்கருவியாகவே ஆக்கினர். ஜேர்மனியரான ஒலிவர் விற்சோ 1998இல் உருவாக்கிய ‘நானோலூப்’, சுவீடனைச் சேர்ந்த யொஹான் கொட்லின்ஸ்கி 2000இல் உருவாக்கிய ‘லிற்றில் சவுண்ட் டிஜே’ ஆகிய நிரல்கள் அதற்கு வழி திறந்தன. அவற்றைக் கையாளும் இசைஞர் சிலர், ஒலியளவுக் குமிழிலிருந்தே ஒலிக்குறியைத் தனிக் கம்பியால் வெளியே எடுத்து இரைச்சலைக் குறைத்துக்கொள்வர். சிறுவரின் விளையாட்டுப்பொருள் இவ்வாறு மேடையேறியது.

இதனை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவருக்கு ஒரு நினைவு எழாமற் போகாது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது, வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுட் பற்றரியும் ஒன்று. பிற நாட்டுச் சிறுவர் நான்கு பற்றரிகளை இட்டு விளையாடிய அதே ஆண்டுகளில், நம் பெற்றோர் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். அவர்களும் மாற்றியமைத்தோரே. ஆயின் அங்கே ஓய்வு, இங்கே நெருக்கடி. இவ்வேறுபாட்டை மறத்தல் தகாது. தடையிற் பிறந்த திறமையைப் புகழ்ந்துகொண்டே, தடையை மறந்துவிடுவது அறமாகாது. எனினும் இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: ‘இதற்குத்தான் இது’ என்று பிறர் இட்ட எல்லையை ஏற்க மறுக்கும் மனித அறிவு.

அவ்வறிவுக்குச் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது? 2018இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஒட்டுத்தாள் கிழிந்தால் அல்லது பிறர் உதிரிப்பாகங்களைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் நீங்கும் என மிரட்டுவது பொதுவாகச் சட்டத்துக்கு முரணானது என்பதே அதன் சாரம். சோனி, மைக்ரோசொப்ற், நின்ரெண்டோ ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். ஆனால் 2023இல் மினசோற்றா, கலிபோர்னியா ஆகிய இரு மாநிலங்களும், திருத்திக்கொள்ளும் உரிமையை மக்களுக்கு வழங்கும் சட்டங்களை இயற்றியபோது, விளையாட்டுக் கருவிகளைப் பெயர் குறித்து விலக்கிவைத்தன. கைத்தொலைபேசியைத் திருத்த உதிரிப்பாகமும் கையேடும் தரவேண்டுமாம்; விளையாட்டுக் கருவிக்குத் தரவேண்டியதில்லையாம்!

கருவியைத் திறக்க அனுமதித்தால் விளையாட்டுக்களைத் திருடிப் பிரதி செய்வர் என்பது உற்பத்தியாளரின் வாதம். அவ்வச்சத்துக்கு அடிப்படை இல்லையென்று கூறமுடியாது. ‘சுவிற்ச்’ கருவியின் பாதுகாப்பை உடைக்கும் சாதனங்களை விற்ற குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு 2022இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் தீர்ந்த பற்றரியை மாற்றுபவனையும், மங்கிய திரைக்கு விளக்கிடுபவனையும் அவரோடு ஒரே தட்டில் நிறுத்துவது எங்ஙனம் பொருந்தும்? திருடனுக்கு அஞ்சி ஊரிலுள்ள உளிகளையெல்லாம் பூட்டிவைப்பதற்கு ஒப்பான நீதி இது.

இப்பொழுதுபோக்கை மிகைப்படுத்திக் காண்பதும் தவறு. மாற்றியமைத்தலே இன்று ஒரு சந்தையாகிவிட்டது. வண்ண வண்ண ஓடுகளும் பொத்தான்களும் வாங்கிக் குவிப்போர் பலர். நல்ல நிலையிலுள்ள பழைய திரை குப்பைக்குப் போவதும் உண்டு. பற்றாசுக்கோல் இன்றியே பொருத்தத்தக்க தொகுதிகள் வந்தபின், கற்றல் சுருங்கி வாங்குதல் விரிகிறது. தனித்தனி மேசைகளில் தனித்தனி மனிதர் திருகாணி கழற்றுவதால் உற்பத்தி முறை மாறிவிடாது. சட்டம் மாறவேண்டுமெனில் மக்கள் ஒன்றுசேர்ந்து கேட்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டம், சிறு கருவிகளின் மின்கலங்களைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றத்தக்கவாறு அமைக்கவேண்டும் என விதித்து, அதற்கு 2027 பெப்புருவரி 18ஆம் நாளை எல்லையாகக் குறித்துள்ளது. இத்தகைய விதிகள் தாமாக வருவனவல்ல.

ஆசிரியராகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. நம் மாணவர் கையில் நாள்தோறும் இருக்கும் கருவிகள் ஒட்டி மூடப்பட்டவை. அவற்றின் உள்ளே என்ன உளது, யார் உழைப்பு உளது, எது வேண்டுமென்றே விடப்பட்டது என்று கேட்க அவர்களுக்கு யாரும் பழக்குவதில்லை. விடைகளைத் திரட்டித் தரும் வகுப்பறைக்குள், பழுதடைந்த கருவியொன்றையும் அதற்குப் பொருந்தும் திருப்புளியையும் கொண்டுசெல்வோம். அதைக் கழற்றும் மாணவர் பலர் மீண்டும் பூட்டத் தெரியாது திகைக்கலாம். அதனால் இழப்பொன்றுமில்லை. மூடிய பெட்டியைக் கண்டதும் ‘ஏன்?’ என்று கேட்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், அது விளையாட்டுக் கருவியோடு நின்றுவிடாது.