மலாயாக் காசில் எழுந்த வீடுகள்

ரொறன்ரோ



கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய்வந்த குடும்பங்கள் இங்கே ஒன்றுகூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும். அம்மம்மாவின் பழைய வீட்டை என்ன செய்வது? இடித்துப்போட்டு மேல்மாடி வைத்துக் கட்டுவதா, ஆள் வந்தால் வளவோடு விற்பதா, பூட்டியபடியே விடுவதா? நாலாவது வழியும் உண்டு. வீட்டைத் திருத்தி, அதில் ஒரு குடும்பம் குடியிருக்கச் செய்வது. அந்த வழிக்காக வாதாடவே இம்மாத மடலை எழுதுகிறேன்.

குடாநாட்டின் பழைய கல்வீடுகளில் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் எழுந்தவை. மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த நம்மவர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்தார்கள். அனுப்பிய காசில் காணி வாங்கினார்கள், கோயில் திருப்பணி செய்தார்கள், பெண்பிள்ளைகளுக்குச் சீதன வீடு கட்டினார்கள். பிறகு மலாயாப் பென்சனோடு திரும்பி, அந்த வீட்டு விறாந்தைகளில் சாய்மனைக் கதிரை போட்டு இருந்தார்கள். எங்கள் அம்மம்மாவின் வீடும் அப்படி எழுந்ததுதான். நமக்கு முன்னர் கடல் கடந்தவர்கள் உழைத்துக் கட்டிய வீடுகளை வைத்திருப்பதா இடிப்பதா என்று இன்று முடிவெடுக்கிறவர்களும் கடல் கடந்தவர்களே.

அவர்கள் கட்டியதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நாற்சார் வீட்டின் நடுவே முற்றம். நாலு பக்கமும் தாழ்வாரம். அதைச் சுற்றி அறைகள். குடாநாட்டின் அடிநிலம் முழுவதும் சுண்ணக்கல். அந்தக் கல்லே சுவர், அதைச் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே சாந்து. கூரையைத் தாங்குவது வைரமேறிய பனை: தீராந்தி, வளை, சலாகை எல்லாம் அதுவே. ஓடு வந்தது இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் வழி வந்த தட்டையோடுகள் கடல் தாண்டி நமது முகடுகளுக்கு ஏறின. வசதியுள்ளவர்கள் கதவுக்கும் நிலைக்கும் பர்மாத் தேக்கு எடுத்தார்கள்.

1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதே சுண்ணக்கல் இப்போது சீமெந்துப் பையாகக் கிடைத்தது. சுண்ணாம்பு இறுகக் காலம் எடுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கித்தான் அது மறுபடி கல்லாகிறது. சீமெந்து நாட்கணக்கில் இறுகிவிடும். மேசன்மார் அதற்கு மாறியதில் வியப்பில்லை. ஒரு தலைமுறை கழிந்தபோது சுண்ணாம்பு குழைக்கவும் பூசவும் தெரிந்த கைகள் அருகிப்போயின.

எங்கள் வீட்டில் நாங்கள் பட்ட பாடு அங்கிருந்துதான் தொடங்கியது. 2002 சமாதான காலத்தில் அவசரமாகச் செய்த திருத்தத்தில் சுவர்களுக்குச் சீமெந்து பூசியிருந்தார்கள். சில வருடங்களில் முழங்கால் உயரம்வரை பூச்சு பொருமி விழத் தொடங்கியது. காரணத்தை ஒரு வயதான மேசன் சொன்னார்: "தம்பி, இந்தச் சுவருக்குச் சீமெந்து ஒத்துவராது. உள்ளுக்குப் போன ஈரம் வெளியில வர வழியில்லை." நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புச் சுவர் வாங்கி வெளியே விட்டுவிடும். சீமெந்துப் பூச்சு அதை அடைத்துவைக்கிறது. ஈரத்தோடு ஏறிய உப்பு உள்ளே பூத்துச் சுவரை அரிக்கிறது. சீமெந்தை முழுவதும் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, பிறகே சுண்ணாம்பு பூசினோம். பழைய சுவர் உள்ளவர்கள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இதை நினைவில் வைத்திருங்கள்.

திருத்த வேலை கூரையில் தொடங்க வேண்டும். ஒழுக்கு நின்ற வீடு எதையும் தாங்கி நிற்கும். ஓடுகளை இறக்கித் தட்டிப் பார்த்து, நல்லதைத் தனியே அடுக்குங்கள். கறையான் தின்ற சலாகைகளை மட்டும் மாற்றுங்கள். முற்றிய பனை இன்று இலேசில் கிடைக்காது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக ஏராளமான பனைகள் தறிக்கப்பட்டன. அதனால் இடிக்கிற வீடுகளில் கழற்றும் மரத்தைத் தேடி வாங்குவதே நல்லது. கூரையைக் கழற்றிவிட்டுக் கொங்கிறீற் தட்டுப் போடச் சொல்வார்கள். உப்புக்காற்று வீசும் மண்ணில் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கினால் கொங்கிறீற் வெடிக்கும். வைரப்பனையும் ஓடும் நூறு வருடம் நின்று காட்டிவிட்டன.

புதிய வசதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயதான ஒருவர் இரவில் முற்றம் தாண்டி, வளவின் கோடியிலுள்ள கக்கூசுக்கு நடக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. குளியலறையைப் பின்பக்கத்தில் தாழ்வாரத்தோடு ஒட்டிப் புதிதாகக் கட்டலாம். தண்ணீர்க் குழாய்கள் பழைய சுவருக்குள் போகாமல் இருந்தால் போதும். மலக்குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வையுங்கள். சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கழிவு விரைவாகக் கிணற்றைச் சேர்ந்துவிடும்.

முற்றத்தை மூடாதீர்கள். நிலத்தடி நீரைவிட்டால் வேறு நீர் அதிகமில்லாத, வற்றாத ஆறில்லாத நிலம் நம்முடையது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழைதான் கிணறுகளுக்கு வருடம் முழுவதும் நீர் தருகிறது. முற்றத்தைக் கூரையால் அடைத்து, வளவு முழுவதும் இன்ரலொக் கல் பதித்தால் அந்த மழை தெருவுக்கு ஓடிவிடும். பூவரசும் கிளுவையும் நின்ற வேலியையும் மண் முற்றத்தையும் வீட்டின் பகுதியாகவே பேணுங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்தே பழைமையை அளக்கிறது. மலாயாக் காசில் எழுந்த வீடு எதுவும் தானாக அதற்குள் வராது. காக்கப்பட வேண்டியது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட கட்டடமும் தப்பவில்லை. நல்லூரில் மந்திரிமனையின் ஒரு பகுதி 2025 செப்ரெம்பர் மழையில் இடிந்து விழுந்தது. நெடுங்காலம் குடியில்லாமல் நின்ற கட்டடம் அது.

இங்கே ரொறன்ரோவில் கபேஜ்ரவுன் என்றொரு பகுதி இருக்கிறது. அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகளும் தொழிலாளரும் வாழ்ந்த செங்கல் வீடுகள். 1940களின் கடைசியில் அதன் தென்பகுதியை இடித்து, ரீஜன்ற் பார்க் என்ற புதிய குடியிருப்பைக் கட்டினார்கள். மிஞ்சிய வீடுகளைக் குடியிருந்தவர்களே திருத்தினார்கள்; பிறகு மரபுப் பகுதியாக அறிவிக்கச் செய்தார்கள். தெருவில் தெரியும் முகப்பை மாற்ற இன்று நகரசபை அனுமதி வேண்டும். உள்ளே வேண்டியபடி வாழலாம். புதிதாகக் கட்டிய ரீஜன்ற் பார்க் கட்டடங்களை 2000களில் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய செங்கல் வீடுகள் நிற்கின்றன. அவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

நம் ஊரில் குடியிருக்க ஆள் இருந்தும் வீடு பாழாவது ஏன்? காரணம் காணி உறுதியில் இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதிய தேசவழமை, சீதனமாக வீட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கும் நம் வழக்கத்தைப் பதிவு செய்தது. சீதன உறுதி எழுதப்பட்டவரை ஒரு வீட்டுக்கு ஒருத்தி சொந்தக்காரி. கூரை ஒழுகினால் யார் பார்ப்பது என்ற கேள்வியே இல்லை. போர் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் சனம் எழுந்து நடந்தது. உறுதி எழுதாமலே பெரியவர்கள் செத்துப்போனார்கள். இன்று ஒரே வீட்டில் ரொறன்ரோவில் ஒரு பங்கு, பாரிசில் ஒரு பங்கு, லண்டனில் ஒரு பங்கு. பிரிக்கப்படாத பங்குக்காரர் எல்லோரும் ஒத்துக்கொள்ளாமல் யாரும் துணிந்து பணம் போட மாட்டார்கள். விற்பதென்றாலும் தேசவழமைப்படி பங்காளிகளை முதலில் கேட்க வேண்டும். இதற்கிடையில் மழை யாருடைய கையெழுத்துக்கும் காத்திருப்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் இதைத் தீர்க்கத்தான் நீண்டகாலம் எடுத்தது. சின்னம்மாவின் மகள் ஊரில் ஆசிரியை. அந்த வீட்டிலேயே இருக்க விரும்பினாள். வெளிநாடுகளில் இருந்த நாங்கள் எல்லோரும் அற்றோர்ணித் தத்துவம் அனுப்பி, அவள் பெயருக்கு நன்கொடை உறுதி முடித்தோம். அதற்குப் பிறகே முதல் ஓட்டை இறக்கினோம். பங்கைக் கொடுத்ததால் எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. வீட்டுக்கு ஒரு சொந்தக்காரி கிடைத்தாள்.

திருத்த முடியாத வீடுகளும் ஏராளம். இராணுவம் விடுவித்த பகுதிகளுக்குத் திரும்பிய பலர் அத்திவாரம் இருந்த இடத்தைக்கூட அடையாளம் காண முடியாமல் நின்றார்கள். ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித் தரச்சொல்லித் தொகுத்த நூல் 2011இல் வெளிவந்தது. காணிப் பதிவேடான தோம்பின் பெயரையே தலைப்பில் தாங்கிய அந்த நூல், நம் வீட்டு வரலாற்றுக்குப் பெரிய ஆவணம். இன்னும் நிற்கிற வீடுகளுக்கு நினைவை நம்பி இருக்கத் தேவையில்லை. அளவுநாடா பிடித்து அளக்கலாம், ஒவ்வொரு நிலையையும் தூணையும் படமெடுக்கலாம், எந்த அறையில் யார் பிறந்தார்கள் என்று பெரியம்மாக்கள் இருக்கும்போதே கேட்டு எழுதலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாபிள் தரைக்கும் புதிய கேற்றுக்கும் விலை கேட்க முன்னர் நொத்தாரிசுவிடம் போய் உறுதியைப் பாருங்கள். அந்த வீட்டில் குடியிருக்க விரும்புகிறவர் யார் என்று குடும்பத்தைக் கேளுங்கள். அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, என்ன திருத்த வேண்டும் என்பதை அவரே சொல்ல விடுங்கள். மலாயாவிலிருந்து காசனுப்பியவர்கள் யாரோ ஒருவர் வாழ்வதற்காகத்தான் வீடு கட்டினார்கள். நாமும் அதற்காகவே காசனுப்புவோம்.

அன்புடன்,
உங்கள் ஊரவன்