ஆப்கர் என்பது ஒரு பெயர்

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதோட டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துக்கிட்டு இந்த இழையைப் படிங்க. பிறந்த தேதி, நேரம், எடை எல்லாம் போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே "ஆப்கர் 8/10, 9/10" என்று ஒரு வரி இருக்கும். பிரைவேட்டோ ஜி.ஹெச்சோ, பெரும்பாலும் இருக்கும்.

அது என்னன்னு எங்களைக் கேட்டால் ஏ-பி-ஜி-ஏ-ஆர் என்று விரித்துச் சொல்வோம். ஏ அப்பியரன்ஸ், அதாவது உடம்பு நிறம். பி பல்ஸ், நாடித்துடிப்பு. ஜி கிரிமேஸ், சீண்டினால் முகம் சுளிக்குதா என்பது. அடுத்த ஏ ஆக்டிவிட்டி, கை காலை மடக்கி வெச்சிருக்கா, துவண்டு கிடக்கா. ஆர் ரெஸ்பிரேஷன், மூச்சு. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. ஆக மொத்தம் 10. முதல் நிமிடத்தில் ஒரு தடவை, ஐந்தாவது நிமிடத்தில் ஒரு தடவை போடுவோம்.

நானும் இப்படித்தான் மனப்பாடம் செய்து ஃபைனல் இயர் வைவாவுக்குப் போனேன். அஞ்சையும் கடகடன்னு ஒப்பிச்சேன். எக்ஸாமினர் தலையாட்டிவிட்டு, "சரி, ஆப்கர் யாருய்யா?" என்றார். "ஆள் இல்ல சார், அப்ரிவியேஷன்" என்றேன், ரொம்ப தைரியமாக. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கு. "அந்தம்மா பேருய்யா அது. போய்ப் படி."

பாஸ் போட்டுவிட்டார். படித்தது மட்டும் பல வருஷம் கழித்து.

ஆப்கர் என்பது சர்நேம். நமக்கு இனிஷியல் மாதிரி அவங்களுக்குக் குடும்பப் பெயர். அமெரிக்காவிலேயே அபூர்வமான பெயர்தான். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி நியூஜெர்சி பக்கம் குடியேறிய குடும்பம் அது. ஜெர்மன் நாக்கு சொன்னதை ஆங்கிலக் கை எழுதியதில் எழுத்து அங்கே இங்கே மாறி ஆப்கர் என்று நின்றுவிட்டது. ஸ்கூலில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதியதே நம்ம ஊரில் பலருக்குப் பேராகிப் போச்சே, அந்தக் கதைதான். இந்தப் பெயரை மேப்பில் தேடினால் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள் ஆப்கர் என்று ஒரு சின்ன ஊர் வரும். மைலோ ஆப்கர் என்பவர் அங்கே போய்க் குடியேறியதால் வந்த பெயர்.

அந்தம்மா வர்ஜீனியா ஆப்கர். 1909இல் நியூஜெர்சி வெஸ்ட்ஃபீல்டில் பிறந்தவர். அப்பா சார்லஸுக்கு ரேடியோ பைத்தியம். முதல் உலகப்போர் சமயத்தில், 1915இல், ஜெர்மன்காரர்கள் நடத்திய ஒரு வயர்லெஸ் நிலையத்தின் ஒலிபரப்பை வீட்டிலிருந்தே பதிவு செய்து அமெரிக்க அரசாங்கத்துக்குக் கொடுத்த மனுஷன். ஜெர்மன் வம்சாவளிப் பெயரோடு இதைச் செய்திருக்கிறார்! இதுக்கே தனி இழை போடலாம், விடுங்க.

1933இல் கொலம்பியாவில் டாக்டர் பட்டம். சர்ஜன் ஆகவேண்டும் என்பது ஆசை. ஆலன் விப்பிள் என்ற பெரிய சர்ஜன், பெண்கள் சர்ஜரியில் நிலைத்துப் பிழைப்பது கஷ்டம், அனஸ்தீசியாவுக்கு ஆள் வேணும், அங்கே போ என்று திருப்பிவிட்டார். கணையத்தில் செய்யும் "விப்பிள் ஆபரேஷன்" இவர் பெயரில்தான் இருக்கு. அது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் திருப்பிவிட்ட பெண்ணின் பெயரோ பிரசவ வார்டு இருக்கும் ஊரிலெல்லாம் தினமும் எழுதப்படுது. எனக்கு இதில் ஒரு அல்ப சந்தோஷம், மறைக்க மாட்டேன்.

அப்போதெல்லாம் குழந்தை பிறந்ததும் கவனம் முழுக்க அம்மா மேல்தான். குழந்தையின் நிலைமையைச் சொல்ல எல்லோருக்கும் பொதுவான ஒரு அளவே கிடையாது. கேன்டீனில் காலைச் சாப்பாட்டின்போது ஒரு மாணவர் இதைப் பற்றிக் கேட்க, கையில் கிடைத்த அட்டையில் அஞ்சு பாயிண்டையும் ஆப்கர் கிறுக்கிக் காட்டினார் என்று சொல்வார்கள். 1952இல் ஒரு மாநாட்டில் வாசித்தார், 1953இல் கட்டுரையாக வந்தது. ஸ்டெதாஸ்கோப், கடிகாரம், ரெண்டு கண் இருந்தால் போதும். ஸ்கேன் வேண்டாம், லேப் வேண்டாம்.

அப்புறம்தான் அந்தப் பெயருக்கே "அர்த்தம்" வந்தது. 1962இல் ஜோசப் பட்டர்ஃபீல்ட் என்ற குழந்தைகள் டாக்டர், மாணவர்கள் ஞாபகம் வைக்க லேசாக இருக்கட்டுமே என்று அந்தம்மாவின் அஞ்சு எழுத்துக்கும் அஞ்சு வார்த்தை பொருத்தினார். அது அச்சுப் பிசகாமல் பொருந்திப் போச்சு. பெயர் உள்ளே போய், சுருக்கெழுத்து வெளியே வந்துவிட்டது. ஜெர்மன்காரர்கள் அதே அஞ்சு எழுத்துக்கு அவங்க பாஷையில் வேறு அஞ்சு வார்த்தை வெச்சிருக்காங்க. அங்கே முதல் ஏ நிறம் கிடையாது, மூச்சு.

சரி, எனக்கும் இந்தப் பெயருக்கும் உள்ள கணக்குக்கு வர்றேன்.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தபோது எல்லாக் குழந்தைக்கும் என் கை தானாக 8, 9 என்று எழுதும். நல்லா அழுத குழந்தைக்கு அதுதான் வரும், உண்மைதான். ஆனா நான் எண்ணி எழுதவில்லை. பிரசவம் முடிந்து, தையல் போட்டு, கை கழுவி, கேஸ் ஷீட்டைத் திறக்கும்போது அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்த அரை மணிக்கு முன்னாடி நடந்ததுக்கு மார்க்.

ஒரு ராத்திரி. முதல் பிரசவம். குழந்தை வெளியே வந்தது, அழவில்லை. நீலமாக, துணி மாதிரி துவண்டு கிடந்தது. துடைத்து, முதுகைத் தேய்த்து, வார்மரில் போட்டு அம்பு பேக் பிடித்தேன். (மார்க் போட்டுப் பார்த்துவிட்டு யாரும் காத்திருக்க மாட்டோம். ஒரு நிமிஷம் ஆவதற்குள்ளேயே வேலை ஆரம்பிச்சாகணும்.) ரொம்ப நேரம் போன மாதிரி இருந்தது. முதலில் நாடி ஏறியது. அப்புறம் ஒரு விக்கல் மாதிரி மூச்சு. அப்புறம் மெல்லிசா ஒரு முனகல்.

எல்லாம் முடிந்து பேனாவை எடுத்தேன். அஞ்சாவது நிமிஷக் கட்டத்தில் 8 என்று எழுதப் போனேன். பொய் சொல்லணும்னு இல்லை. நான் காப்பாத்தின குழந்தை, எனக்கு அது 8 ஆகத்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் மெதுவாகச் சொன்னாங்க: "சார், அஞ்சாவது நிமிஷம் ஆறுதான். ஒரு நிமிஷத்துல ரெண்டு. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவங்க சொன்னபடி எழுதினேன். 108 வந்தது, மாவட்டத் தலைமையிடத்துக்கு அனுப்பினோம். எஸ்.என்.சி.யூ டாக்டர் போனில் கேட்ட முதல் கேள்வி, "அஞ்சு நிமிஷ ஆப்கர் எவ்வளவு?"

வர்ஜீனியா ஆப்கர் இதையும் எழுதி வெச்சிருக்காங்க என்று பின்னாடி படித்தபோதுதான் தெரிந்தது: பிரசவம் பார்த்தவரே மார்க் போடக்கூடாது, வேறொருத்தர் போடணும். பார்த்தவருக்குக் குழந்தை மேல் ஆசை வந்திருக்கும். அன்று முதல் எங்க லேபர் ரூமில் சிஸ்டர் சத்தமாகச் சொல்வாங்க, நான் எழுதுவேன்.

பெற்றோருக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, "ஏன் பத்துக்குப் பத்து இல்லை?" என்று சண்டைக்கு வராதீங்க. முதல் நிமிஷத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கை கால் நுனி நீலமாகத்தான் இருக்கும், அதிலேயே ஒண்ணு போயிடும். இன்னொண்ணு, இது ஐக்யூ மார்க் கிடையாது. பிறந்த அஞ்சு நிமிஷத்துக்குள் குழந்தை எப்படி இருந்தது என்பது மட்டும்தான். குறைவாக இருந்து நல்லா வளர்ந்தவங்க நிறைய.

அந்த ராத்திரி பிறந்த பையன் பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். ஒன்றரை வயதில் பூஸ்டர் ஊசிக்கு அவன் அம்மா ஃபைலோடு வந்தாங்க. அப்போ அவன் என் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தான். சம்மரியில் பெயர் இடத்தில் இன்னும் "பேபி ஆஃப்" போட்டு அம்மா பெயர்தான். அடுத்த வரியில் ஆப்கர் 2, 6.

"சார், இது என்ன சார், ஊர் பேரா?"

"இல்லம்மா. ஒரு டாக்டரம்மா பேரு."

"அவங்கதான் இவனுக்கு வைத்தியம் பார்த்தாங்களா? அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலயா?"

அந்தம்மா 1974லேயே இறந்துட்டாங்க, அமெரிக்காவில் இருந்தவங்க என்றேன். "புள்ளைங்க இருக்காங்களா சார்?" "கல்யாணமே பண்ணிக்கலம்மா."

அவங்க அந்த வரியை இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்த்துட்டு, ஃபைலை மடிச்சு மஞ்சப் பையில் வெச்சாங்க. அதுக்குள்ள ஊசி போட சிஸ்டர் கூப்பிட்டாங்க. இந்தத் தடவை பயல் ஊரே கேக்குற மாதிரி அழுதான்.