பெயர் சொல்லாத குரல்கள்

தொலைக்காட்சியில் விளம்பரம் தொடங்கிவிட்டால் வீட்டிலுள்ளோர் எழுந்துவிடுவது வழக்கம். உம்மா தேநீர் ஊற்ற அடுப்படிக்குச் செல்வார்; வாப்பா மணிக்கூட்டைப் பார்ப்பார்; பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடுவர். விளம்பரம் என்பது இரு நிகழ்ச்சிகளுக்கிடையே கிடைக்கும் ஓய்வு என்பதே பலரின் எண்ணம். நாமோ அந்த வேளையிலேதான் பெட்டிக்கு அருகே நகர்ந்து அமர்வோம். சவர்க்காரம் வாங்குவதற்கன்று, பால்மா வாங்குவதற்கும் அன்று. அரை நிமிடம் பாடிவிட்டு மறைந்துபோகும் அந்தப் பெண் யார் என்று அறிவதற்கு.

இப்பழக்கம் எமக்கு எவ்வாறு ஏற்பட்டது என்பதையும், அதனால் நாம் இழைத்த ஒரு தவற்றையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

நாம் பிறந்தது கல்முனைக் கரையில். கிழக்கே கடல், மேற்கே வயல். இடையே மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என ஊரோடு ஊர் தோள் உரசி நிற்கும். இலங்கையில் வானொலி 1925ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. தொலைக்காட்சி வந்ததோ 1979இல். 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பின்னரும் எம் வீட்டில் நெடுங்காலம் வானொலியே ஆட்சி செய்தது. திருமதி இராஜேஸ்வரி சண்முகம், ஜனாப் பீ. எச். அப்துல் ஹமீத் போன்றோரின் அறிவிப்புகளைக் கேட்டே நாம் தமிழ் உச்சரிக்கப் பழகினோம். பாட்டு ஒலிக்குமுன் பாடியவர் இன்னார், எழுதியவர் இன்னார், இசை அமைத்தவர் இன்னார் என்று முறையாகச் சொல்வது இலங்கை வானொலியின் மரபு. பெயர் சொல்லாது பாட்டை மட்டும் ஒலிக்க விடுவது, விருந்துண்டபின் சமைத்தவரைக் கேளாது எழுந்து செல்வது போன்றதென அக்காலத்திலேயே எம் மனத்தில் பதிந்துவிட்டது.

அந்த ஆசையே பின்னாளில் எம்மைக் கொழும்பில் ஒரு தமிழ் வானொலி நிலையத்தின் இரவு நேர அறிவிப்பாளராக ஆக்கிற்று. இக்காலத்து இளைஞர் இதனை ‘டீ.ஜே.’ உத்தியோகம் என்பர். ஒரு நாள், அந்த மாதம் ஒலிபரப்பிய பாடல்களின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தோம். பெண்களின் பாடல்கள் பல இருந்தன. ஆனால் அவற்றைப் பாடியவர்களோ ஐந்தாறு பேரே! உலகில் பாடும் பெண்கள் இவ்வளவுதானா என்ற கேள்வி எழுந்தது. அன்றிரவு அறைக்குத் திரும்பித் தொலைக்காட்சியைத் திறந்தபோது விடை கிடைத்தது. இந்திய அலைவரிசை ஒன்றில் அமுல் நிறுவனத்தின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மொழி எமக்கு விளங்கவில்லை. ஆயினும், வயல் வரம்பில் நின்று யாரோ எம்மை அழைப்பது போலிருந்தது அந்தக் குரல்.

யார் அவர்? பல நாள் விசாரித்து அறிந்தோம். பாடியவர் பிரீதி சாகர். பாடலை எழுதியவர் அவருடைய சகோதரி நீதி சாகர். ஷியாம் பெனகல் இயக்கி 1976இல் வெளிவந்த ‘மந்தன்’ என்னும் படத்திற்காக, வன்ராஜ் பாட்டியாவின் இசையில் அது பாடப்பட்டது. குஜராத் மாநிலத்துப் பால் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த ஐந்து இலட்சம் உழவர்கள் தலைக்கு இரண்டு ரூபாய் இட்டு அந்தப் படத்தைத் தயாரித்தார்களாம். இரண்டு சகோதரியரின் பாட்டு, ஐந்து இலட்சம் வீடுகளின் காசில் பிறந்து, விளம்பரத்தின் வழியே கடல் கடந்து எம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றது. ஆனால் திரையில் நாம் கண்ட பெயர் வெண்ணெயின் பெயர் ஒன்றே!

அதன்பின் எமக்கு இஃது ஒரு வேட்டையாகிவிட்டது. ஏ. ஆர். ரஹ்மான் 1992இல் ‘ரோஜா’ படத்தின் மூலம் திரையுலகில் நுழையுமுன் விளம்பரங்களுக்கு இசையமைத்து வந்தவர் என்பது பலரும் அறிந்ததே. அந்நாட்களில் அவருடைய விளம்பரங்களில் பாடியவர்களுள் ஒருவர் சுஜாதா மோகன் என்பதைச் சிலரே அறிவர். 1970களில் சிறுமியாக இருந்தபோதே மலையாளத் திரையில் பாடியவர் அவர். கர்நாடக இசை மேடையில் இன்று பெரிதும் போற்றப்படும் பம்பாய் ஜெயஸ்ரீயும் தம் இளமையில் பம்பாய் நகரில் விளம்பரப் பாட்டுகள் பாடியவரே. பின்னர் லால்குடி ஜெயராமனிடம் பயின்று பெருமை பெற்றார். ‘லைப் ஆப் பை’ என்னும் ஆங்கிலப் படத்தில் அவர் பாடிய தாலாட்டு 2013இல் ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்தக் குரல் முன்னொரு காலத்தில் எத்தனை இல்லங்களில் யாருடையது என்று தெரியாமலே ஒலித்ததோ!

மேல்நாட்டிலும் இக்கதை உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த வஷ்டி பன்யன் என்ற பெண்மணி 1970இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். வாங்குவார் இல்லை. மனமுடைந்த அவர் பாட்டை அறவே விடுத்துக் கிராமத்தில் பிள்ளைகளை வளர்க்கப் போய்விட்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில் அவ்விசைத்தட்டு மறுபடி வெளிவந்தது. பின்னர் ஒரு கைபேசி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்திலும் அதிலிருந்த பாட்டு ஒலித்தது. 2005இல் அவர் தம் இரண்டாவது இசைத்தட்டை வெளியிட்டார். இரண்டுக்குமிடையே முப்பத்தைந்து ஆண்டுகள்!

விளம்பரத்தில் பாடியவர் பெயரைப் போடுவதில்லை. அரை நிமிடத்தில் பொருளின் பெயரைப் பதிய வைப்பதே வணிகர் நோக்கம். மற்றப் பெயர்களுக்கு அங்கே இடமில்லை. ஆனால் வானொலிக்கு அந்த இடம் உண்டு. 1949இல் ‘மஹல்’ என்னும் ஹிந்திப் படம் வெளிவந்தபோது, அதன் புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் பெயர் ‘காமினி’ என்றே அச்சாகியிருந்தது. அது கதாபாத்திரத்தின் பெயர்! பாடியவர் யார் எனக் கேட்டு நேயர்கள் வானொலிக்குக் கடிதம் எழுதிக் குவித்தனர். அதன் பின்னரே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வானொலியில் அறிவிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் குரலுக்கு அவள் பெயரை மீட்டுக் கொடுத்தது வானொலி. எம் தொழிலுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்? விளம்பரங்களில் நாம் கண்டெடுத்த பெண்களின் பாடல்களைப் பெயர் சொல்லி இரவுதோறும் ஒலிபரப்பினோம். நேயர்கள் மகிழ்ந்தனர். எமக்குச் சிறிது தலைக்கனமும் ஏறிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்போதுதான் அந்தப் புடவைக்கடை விளம்பரம் வந்தது.

2002ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாளுக்குச் சில நாட்கள் இருந்தன. போர் நிறுத்தம் ஏற்பட்டிருந்ததால் கிழக்கிலும் வியாபாரம் தலைநிமிர்ந்த காலம். எம் பகுதிக் கடை ஒன்றுக்கான விளம்பரத்தில் ஒரு பெண் குரல் நான்கு வரிகள் பாடிற்று. திரையில் சேலைகள் விரிந்தன. எமக்கோ திரை தெரியவில்லை. அந்த மெட்டு மட்டுமே காதில் நின்றது. அது எம் ஊர்க் ‘கவி’யின் மெட்டு! வயலிலும் வாசலிலும் எம் பெண்கள் தலைமுறை தலைமுறையாய்ப் பாடி வந்த மெட்டு. நிந்தவூர் எஸ். முத்துமீரான், கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் போன்ற அறிஞர்கள் எம் பகுதி நாட்டார் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியிராவிடில் அவற்றுள் பல மறைந்தே போயிருக்கும். பாடல்கள் காப்பாற்றப்பட்டன; அவற்றை முதலில் கட்டிய பெண்களின் பெயர்களை மட்டும் எவரும் அறியார். இந்தக் குரலாவது அப்படிப் போய்விடக் கூடாது என்று நாம் உறுதி பூண்டோம்.

விளம்பரம் மறுபடி வந்தபோது ஒலிநாடாவில் அதைப் பதிந்துகொண்டோம். கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டோம். அவர் ஒலிப்பதிவு செய்தவரைக் காட்டினார். அவர் பெயரைச் சொன்னார். மருதமுனையில் தறி நெய்யும் குடும்பத்துப் பெண். அன்றிரவே, “இதோ, எம் மண்ணின் குரல்!” என்று பெருமிதத்தோடு அவர் பெயரையும் ஊரையும் அறிவித்துப் பாட்டை ஒலிபரப்பினோம். பாராட்டுகள் பல வந்தன.

பெருநாளுக்கு ஊருக்குச் சென்றிருந்தோம். மறுநாட் காலை முதியவர் ஒருவர் எம் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பெண்ணின் வாப்பா. உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தோம். அவர் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

“தம்பி, பாடச் சொன்னது நான்தான். என்ட மகள்ற குரல் எனக்குப் பெருமைதான். ஆனா பேரைச் சொல்லலாமெண்டு உங்களுக்குச் சொன்னது ஆரு?”

எம்மிடம் விடை இல்லை. பெயர் வெளியே வராது என்ற வாக்குறுதியின் பேரிலேயே அவர் மகளைப் பாட அனுமதித்திருந்தார் என்பதைப் பிறகு அறிந்தோம். அப்போது அப்பெண்ணுக்குத் திருமணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு வானொலியில் பெயர் அடிபட்டது பிடிக்கவில்லை, பேச்சு நின்றுபோயிற்று. அப்பெண்ணும் பாடுவதை நிறுத்திவிட்டார்.

பெரியவர் தேநீரைக் குடித்து முடித்து, ஸலாம் சொல்லிச் சென்றுவிட்டார். அவர் திட்டியிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின் நாம் நெடுநாள் சிந்தித்தோம். ‘காமினி’ என்று அச்சிட்டபோது லதாவின் பெயர் பறிக்கப்பட்டது. அதை மீட்டது நீதி. ஆனால் மருதமுனைப் பெண்ணின் பெயரை எவரும் பறிக்கவில்லை. அவர் தாமாகவே அதைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, குரலை மட்டும் உலகுக்குக் கொடுத்தார். அவ்வாறு வைத்துக்கொள்ளும் நிலைக்கு ஊரின் வாயே காரணம் என்று நாம் வாதாடலாம். அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. எனினும் ஊரோடு போராடும் கடமையை அவர் கேளாமலே அவர் தலையில் ஏற்றிவிட்டு, நாம் கொழும்பில் பாதுகாப்பாக இருந்தோம் அல்லவா? பெயரை மறைத்தவர்களுக்கும் எமக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரு சாராருமே அப்பெண்ணைக் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்தது. எம் கரையில் வீடிழந்தோரும் உயிரிழந்தோரும் கணக்கற்றோர். அந்த விளம்பரப் பாட்டு பதிவான சிறு கலையகமும் அதிலிருந்த நாடாக்களும் கடலோடு போயின. கொழும்பில் எம் மேசை அறைக்குள் கிடந்த ஒலிநாடா ஒன்றே எஞ்சிற்று.

2010இல் அதனைப் பிரதியெடுத்துக்கொண்டு மருதமுனைக்குச் சென்றோம். அப்பெண் பின்னர் நல்லவர் ஒருவரை மணந்து, பிள்ளைகளோடு வாழ்ந்து வந்தார். பாலர் பாடசாலை ஒன்றில் கற்பித்தும் வந்தார். வாப்பா மறைந்துவிட்டிருந்தார். நாம் முதலில் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லாது நாடாவை வாங்கிக் கருவியில் இட்டார். பாட்டு ஒலித்தது. மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த அவர் மகள் தலைநிமிர்ந்து, “உம்மா, இது ஆரு பாடுற?” என்று கேட்டாள். ஐந்தாறு வயதுச் சிறுமி. தாய் பாடிக் கேட்டறியாதவள்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நான்தான், மகள்” என்றார்.

எமது தொழிலில் நாம் எத்தனையோ பெயர்களை அறிவித்திருக்கின்றோம். அந்த அறிவிப்புக்கு ஈடாக ஒன்றையும் கேட்டதில்லை.

விடைபெறும்போது வாசல் வரை வந்த அவர், “இனி றேடியோவில போடுங்க காக்கா, பேரையும் சொல்லுங்க. ஆனா இனி ஆரையும் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க” என்றார். அவ்வாறே செய்தோம். இன்றும் விளம்பரத்தில் ஒரு புதிய பெண் குரல் கேட்டால் தேடிப் போகின்றோம். கண்டால் முதலில் அனுமதி கேட்கின்றோம். சிலர் வேண்டாம் என்கின்றனர். பலர், “இதுவரை ஒருவரும் கேட்டதில்லையே!” என்று வியக்கின்றனர்.

மருதமுனைப் பெண்ணின் பெயரை இங்கே காணோமே என்று வாசகர் சிலர் தேடக்கூடும். வானொலியில் சொல்வதற்கே அவர் அனுமதி தந்தார். பத்திரிகையில் எழுதலாமா என்று நாம் இன்னும் கேட்கவில்லை.