விட்டுவிட்ட கட்டுரை

2013 ஜூலை 3 இரவு. தொலைக்காட்சியில் ராணுவச் சீருடையில் எகிப்தின் ஜெனரல் சிசி பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அல் அஸ்ஹரின் தலைமை இமாம், காப்டிக் திருச்சபையின் போப், நோபல் பரிசு பெற்ற எல்பரதேய். எகிப்தியர் வாக்களித்து அமர்த்திய அதிபர் முகமது முர்சியின் பதவி ஓராண்டிலேயே பறிபோனது. நான் கைதட்டினேன்.

மறுநாளே ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினேன். "இது ஆட்சிக் கவிழ்ப்பு அல்ல, மக்கள் செய்த திருத்தம்" என்பது அதன் முதல் வரி.

தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. 1952 முதல் எகிப்தை ஆண்ட நகீப், நாசர், சதாத், முபாரக் நால்வரும் ராணுவத்திலிருந்து வந்தவர்கள் என்பது தெரியும். அல்ஜீரியாவில் இஸ்லாமியக் கட்சி வெல்லப்போகிறது என்றதும் 1992 ஜனவரியில் ராணுவம் தேர்தலையே ரத்து செய்ததும், அந்த நாடு பத்தாண்டுகள் ரத்தத்தில் மிதந்ததும் தெரியும். அதைக் கண்டித்து நானே எழுதியிருக்கிறேன்.

பிறகு ஏன் கைதட்டினேன்? முர்சி சார்ந்த முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பை எனக்குப் பிடிக்காது. நீதிமன்றம் தன்னைக் கேள்வி கேட்க முடியாது என்று 2012 நவம்பரில் முர்சி ஆணையிட்டபோது எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஓட்டில் வந்தவரை ஓட்டில்தான் இறக்க வேண்டும். எனக்குப் பிடிக்காதவர் வென்றதும் அந்த விதியைக் கைவிட்டேன். ஜனநாயகத்தை அல்ல, என் பக்கத்தின் வெற்றியைத்தான் நேசித்திருக்கிறேன்.

2013 ஆகஸ்ட் 14 அன்று ராபா சதுக்கத்தில் அமர்ந்திருந்த முர்சி ஆதரவாளர்கள் மீது படையினர் சுட்டார்கள். அங்கு மட்டும் ஒரே நாளில் குறைந்தது 817 பேர் இறந்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கிட்டது. வெள்ளைத் துணியில் சுற்றிய உடல்கள் பள்ளிவாசல் தரையில் வரிசையாகக் கிடந்த படத்தைப் பார்த்தேன். உடல்கள் கெடாதிருக்கப் பனிக்கட்டிகளை வைத்திருந்தார்கள். துணை அதிபராகியிருந்த எல்பரதேய் அன்றே பதவி விலகினார். நான் ஒரு வரி எழுதவில்லை. அடுத்த ஆண்டு சிசி ஏறத்தாழ 97 சதவீத வாக்குகளுடன் அதிபரானபோதும் எழுதவில்லை.

இதைவிடக் கேவலமான ஒன்றும் செய்தேன். என் கட்டுரைகள் தொகுப்பாக வந்தபோது இந்த ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. 2019 ஜூன் 17 அன்று முர்சி நீதிமன்றத்திலேயே சரிந்து இறந்தார் என்ற செய்தி வந்தபோது, அலமாரியிலிருந்து அந்தப் பழைய இதழை எடுத்தேன். முதல் வரியைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

அடுத்த பதிப்பில் அந்தக் கட்டுரை இருக்கும், ஒரு சொல்லும் மாறாமல். அதன் கீழே இந்த வாக்குமூலமும் இருக்கும்.