நான்கு தலைமுறையும் ஒரு நாளும்

கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்று வந்த வரலாற்றை எழுதுவோர் பலர். செல்வதற்குமுன் வீட்டில் நிகழும் ஆலோசனைகளை எழுதுவோர் அரியர். ஆயின், நடைபழகும் குழந்தை முதல் முதியோர் ஈறாக ஒரு குடும்பம் முழுவதும் புறப்படக் கருதின், அவ்வாலோசனையே பிரயாணத்தினும் பெரிதாகிவிடுகின்றது. சென்ற கோடை விடுமுறையில் இதனை யாம் நேரிற் கண்டோம்.

எம் தமக்கையார் அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா மாகாணத்தில், லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்கு அணித்தாக வாழ்கின்றார். அவர் மக்கள் இருவர்: மூத்தவள் 4 வயதுப் பெண், இளையவன் 20 திங்கள் நிரம்பிய சிறுவன். எம் அன்னையார் முன்னரே அங்குச் சென்றிருந்தார். அன்னையாரைப் பெற்ற ஆச்சிக்கு வயது 78. கொள்ளுப்பேரர்களை ஒருமுறையேனும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமென்பது அவர்தம் ஆசை. ஆங்கிலம் அறியாத அவரைத் தனியே விமானமேற்ற இயலாமையின், துணையாகச் செல்லும் பேறு எமக்கு வாய்த்தது. முழங்கால் நோயுடைய ஆச்சி இத்துணை நெடும் பிரயாணத்தை இன்னொருமுறை மேற்கொள்வாரென்று எங்களில் ஒருவரும் நம்பவில்லை. வாய்விட்டுச் சொன்னாரும் இல்லை.

இன்னுமொரு குறை இருந்தது. மூத்த பெண் தமிழைக் கேட்டு உணர்வாள். விடை மட்டும் ஆங்கிலத்திலேயே கூறுவாள். ஆச்சிக்கோ தமிழன்றி வேறு மொழியில்லை. ஒரே வீட்டில் மூன்று கிழமை இருந்தும், இருவர்க்குமிடையே தலையசைப்பும் சிரிப்புமே நிகழ்ந்து வந்தன.

இந்நிலையில் அத்தானுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்புக் கிடைத்தது. அன்று எல்லோருமாக டிஸ்னிலாந்துக்குச் செல்வதென்று கூறினார். அனஹைம் என்னும் ஊரில், ஆரஞ்சுத் தோட்டங்கள் இருந்த நிலத்தில், 1955-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள் திறக்கப்பெற்ற பூங்கா அது. ‘எல்லோரும்’ என்னும் சொல்லை அத்தான் எளிதிற் சொல்லிவிட்டார். அதன் பொருளைத் தெளிவதற்கே எங்களுக்கு மூன்று நாள் வேண்டியிருந்தது.

முதல் தடை ஆச்சியிடமிருந்தே எழுந்தது. அப்பூங்காவின் அனுமதிச் சீட்டு நாளுக்கு நாள் விலை வேறுபடுவது. எனினும் 100 டாலருக்குக் குறைவதில்லை. 3 வயது நிரம்பாத குழந்தைகட்குக் கட்டணமில்லை. 10 வயதுக்கு மேற்பட்டார் யாவர்க்கும் ஒரே விலை. முதுமைக்கெனத் தனிச்சலுகை ஏதுமில்லை. இதனைக் கேட்ட ஆச்சி மனக்கணக்காகவே ரூபாயாக மாற்றினார். “எட்டாயிரத்துக்கு மேலல்லா வருது! வந்தாலும் நான் ஒரு பெஞ்சியிலே உக்காந்து பையைத்தானே பாத்துக்கிடணும்? அதை வீட்டிலே இருந்தே பாத்துக்கிடுதேன்” என்றார். அன்னையாரும் அவருக்குத் துணையாகத் தங்கிவிடுவதாகச் சொன்னார்.

முதியோரைப் பைகளுக்குக் காவலாக்குதல் நம்மவரிடையே புதிய வழக்கன்று. கடற்கரையிற் காண்கிறோம், பொருட்காட்சியிற் காண்கிறோம், அவர்களும் அதனைத் தம் கடமையென்றே கொள்கின்றனர். எமக்கு அது சிறிதும் உடன்பாடில்லை. ஆதலின், அப்பூங்கா தோன்றிய வரலாற்றை ஆச்சிக்கு எடுத்துரைத்தோம். வால்ட் டிஸ்னி என்பார் ஓய்வு நாட்களில் தம் பெண்மக்கள் இருவரையும் லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள கிரிபித் பூங்காவின் குடைராட்டினத்துக்கு அழைத்துச் செல்வாராம். பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருப்பர், தந்தை பெஞ்சியில் அமர்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே மகிழ்தற்குரிய ஓரிடம் இல்லையே என்னும் எண்ணம் அப்பெஞ்சியில் தோன்றியதென்று அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். பெஞ்சியைவிட்டு எழ விரும்பிய ஒருவர் அமைத்த இடத்துக்குச் சென்று, ஆச்சியைப் பெஞ்சியில் அமர்த்திவைப்பது தகுமா என்று வினவினோம். ஆச்சி முழுதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவ்வூரில் கடலை என்ன விலை என்று மட்டும் கேட்டார்.

அவர் மனத்தை மாற்றியது வரலாறன்று, ரயில். அப்பூங்காவைச் சுற்றி இன்றும் நீராவி எஞ்சின்கள் வண்டியிழுக்கின்றன. அவற்றுள் ஒன்று 1894-இல் செய்யப்பெற்றது; முன்னாளில் கரும்புத் தோட்டத்தில் உழைத்தது. ஆச்சி இளமையில் திருச்செந்தூர் வண்டியில் கரித்தூள் கண்ணில் விழப் பயணம் செய்தவர். “கரி வண்டியா? அதுக்கு நடக்க வேண்டாமா?” என்றார். வேண்டாமென்றோம். அன்றிரவு மேற்கொண்டு மறுப்பு எழவில்லை.

நிற்க. அத்தான் தம் கணிப்பொறியில் ஓர் அட்டவணை அமைத்துக் காட்டினார். காலை 8 மணிமுதல் இரவு வாணவேடிக்கை ஈறாக 14 நிகழ்ச்சிகள் அதிற் கண்டிருந்தன. எமக்குப் பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணையே நினைவிற்கு வந்தது. அதிலேனும் இடையே ஞாயிற்றுக்கிழமை உண்டு. அட்டவணையில் குழந்தையின் உறக்கத்துக்கு இடமில்லை. ஆச்சியின் முழங்காலுக்கும் இல்லை. தமக்கையார் அதனை ஒருமுறை நோக்கிவிட்டு, “இவனுக்கு இதெல்லாம் நினைவிலா இருக்கப் போகிறது? இரண்டு ஆண்டு கழித்துப் போனால் என்ன?” என்றார்.

இக்கேள்வி நேரியதே. ஆயினும் தமிழ் பயிலும் எமக்கு ஒன்று தோன்றிற்று. பிள்ளைத்தமிழின் பருவங்களை 3-ஆம் திங்கள் தொடங்கி 21-ஆம் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்களில் வைத்துப் பாடுவதொரு மரபுண்டு. கைகொட்டும் சப்பாணியும், நடந்துவரும் வருகையும், நிலவை அழைக்கும் அம்புலியும் எக்குழந்தையின் நினைவிலும் நிற்பனவல்ல. அக்காரணம் பற்றி எப்புலவரும் அவற்றைப் பாடாது விட்டாரில்லை. கண்டவர் மகிழ்ந்தனர்; அவர் நினைவில் நின்றது. சிறுவன் மறந்துபோவான் என்பது உண்மை, ஆச்சி மறக்கமாட்டார். ‘இரண்டு ஆண்டு கழித்து’ என்பது சிறுவனுக்குப் பொருந்தும் கணக்கு, ஆச்சிக்குப் பொருந்துவதன்று. இதனைக் கூறியபோது தமக்கையார் விடையிறுக்கவில்லை. அட்டவணையை வாங்கி, நடுவே 12 மணிமுதல் 2 மணிவரை பெரியதொரு கோடிட்டு, ‘உறக்கம்’ என்று எழுதினார். அன்றுமுதல் திட்டம் அவர் கைக்கு மாறிற்று.

நம் புலவர் குழந்தையைத் திங்களால் அளந்தனர். பூங்காவினர் அங்குலத்தால் அளக்கின்றனர். விரைந்து பாயும் வண்டிகளுக்கு உயர வரம்புண்டு: மாட்டர்ஹார்ன் என்னும் செயற்கை மலையிற் சறுக்கும் வண்டிக்கு 42 அங்குலம், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 40, இண்டியானா ஜோன்ஸுக்கு 46, டூன்டவுன் பகுதியிலுள்ள சிறிய ரோலர் கோஸ்டருக்கு 35. மூத்த பெண்ணைச் சுவரோரம் நிறுத்தி அளந்தோம்: 39. குதிகாலை உயர்த்தி நின்றாள். மீண்டும் அளந்தபோதும் 39 தான். வாயிலில் காவலர் தடுக்கும்போது அழுவதைவிட வீட்டில் அழுவது நன்றென்பது தமக்கையார் கொள்கை. அழுகை கால்மணி நேரத்தில் ஓய்ந்தது. பின்னர், டம்போ என்னும் பறக்கும் யானை, பீட்டர் பான் கப்பல், குடைராட்டினம் எனத் தன் உயரம் கேளாதவற்றைத் தானே விரல்மடித்து எண்ணத் தொடங்கினாள். மாட்டர்ஹார்ன் ஏறவேண்டுமென்பது அத்தானின் நெடுநாள் ஆசை. குழந்தையுடன் ஒருவர் வெளியே நிற்க மற்றவர் சென்றுவந்து, பின்னர் நின்றவர் மீண்டும் வரிசையிற் காத்திராமல் செல்லும் ஏற்பாடு ஒன்று அங்கு உண்டு. அது தெரிந்தபின் அத்தானும் தமக்கையாரும் அட்டவணை பற்றிப் பூசலிடுவதை விட்டனர்.

உணவு பற்றிய ஆலோசனை நீண்டதே, விரிப்பின் பெருகும். வெளியிலிருந்து உணவு கொண்டுசெல்லலாம், கண்ணாடிப் பாத்திரம் ஆகாது என்பதறிந்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் முடிவாயின. தள்ளுவண்டி 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேற்படலாகாது என்பதால் அதனையும் அளந்தோம். மெயின் ஸ்ட்ரீட்டின் கோடியில் குழந்தைகட்கெனத் தனி நிலையமுண்டு. பாலூட்டவும் துணிமாற்றவும் அங்கு அமைதியான அறைகள் உள்ளன.

மக்கள் திரளில் எவரேனும் வழிதவறின் என் செய்வது? பெண்ணின் மணிக்கட்டில் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டுவதென்று தீர்மானித்தோம். உடனே அன்னையார் மெல்ல, “ஆச்சிக்கு?” என்றார். ஒருகணம் யாரும் பேசவில்லை. குழந்தை தவறினால் ஆங்கிலத்தில் அழுது தெரிவிக்கும். ஆச்சி தவறினால் யார் மொழியில் யாரிடம் சொல்வார்? அவருக்குப் பட்டை கட்ட எமக்கு மனம் துணியவில்லை. ஆனால் ஆச்சியே, “எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு, நான் முந்தியிலே முடிஞ்சிக்கிடுதேன்” என்று கைநீட்டினார். ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தோம்.

குறித்த நாளில் காலை 7 மணி 40 நிமிடத்துக்கு வாயிலில் இருந்தோம். அங்கேயே ஆச்சிக்குச் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்தோம். டம்போவில் வரிசை குறைவு. பெண் இருமுறை பறந்தாள். குடைராட்டினத்தில் குதிரைகளினிடையே ஒரு பெஞ்சியும் இருக்கக் கண்டு ஆச்சி சிரித்த சிரிப்பு இன்னும் எம் கண்முன் நிற்கின்றது. சிறுவனை மடியிலிருத்தி அதிலமர்ந்து சுற்றினார். பின்னர், சிறுபொம்மைகள் பல மொழிகளிற் பாடும் படகுக் காட்சிக்குச் சென்றோம். 1964-இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்கென அமைத்து, 1966-இல் இங்குக் கொணர்ந்தது அது. 2022-இல் சக்கர நாற்காலியில் அமர்ந்த பொம்மைகளையும் அதிற் சேர்த்துள்ளனர். அப்பொம்மையை முதலிற் கண்டது பெண்ணே. ஆச்சி வேறு பக்கம் நோக்கியிருக்கவே, அவர் முகத்தைத் தன் இரு கையாலும் திருப்பி, “ஆச்சி, அங்க பாரு! உன்ன மாதிரி!” என்றாள். தமக்கையார் எம்மை நோக்கினார். யாம் தண்ணீரை நோக்கினோம். ஆச்சி, தமிழ் கேட்டதொரு வியப்பே இல்லாதவர் போல, “ஆமாட்டி, அவ சேலை கெட்டல, அதான் வித்தியாசம்” என்றார். அதன்பின் அப்படகிலிருந்து இறங்கும்வரை இருவரும் ஓயாது பேசினர். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக.

நண்பகலில் சிறுவன் உறங்கினான், அன்னையாரும் உறங்கினார். அத்தான் மாட்டர்ஹார்னிலிருந்து முகம் வெளிறி மீண்டார். அது குறித்து அவர் பேச விரும்பாமையின் யாமும் எழுதவில்லை.

விழித்தெழுந்த சிறுவன் தள்ளுவண்டியில் ஏற மறுத்துவிட்டான். அதனைத் தானே தள்ளினான். சிறிது நேரத்தில் அதுவும் கைவிட்டு, ஆச்சியின் சக்கர நாற்காலியைப் பின்னின்று தள்ள முயன்றான். 21-ஆம் திங்கள் சிறுதேருக்குரியது. பாட்டியல் நூல் ஒன்றும் படியாமலே அவன் தன் தேரைக் கண்டுகொண்டான். உண்மையில் தள்ளியவர் யாமே. அவன் தலைக்குமேல் கைப்பிடியைப் பற்றியிருந்தோம். ஆச்சிக்கு அது தெரியும். எனினும், “ஏ அப்பா, என்ன பலம்!” என்று திரும்பித் திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். வழிவிட்டு நின்ற வேற்றுநாட்டார் சிலர் கைகொட்டினர்.

ரயிலை இறுதியாக வைத்திருந்தோம். வண்டி இருண்ட குகையுட் புகுந்து, பெருவிலங்குகளின் உருவங்கள் தோன்றியபோது சிறுவன் அலறி ஆச்சியின் முந்தானைக்குள் ஒளிந்தான். ஊதல் ஒலித்தது, ஆவியின் மணம் வந்தது. ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு, எங்களுக்குத் தெரியாத நிலையங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். பெண் அவற்றைத் தன்னால் இயன்றவாறு திருப்பிச் சொன்னாள்.

5 மணிக்கு வெளியேறினோம். 14 நிகழ்ச்சிகளுள் நிறைவேறியவை 6. வாணவேடிக்கையைக் காணாது திரும்புவதில் அத்தானுக்குச் சிறிது வருத்தம். வெடியோசைக்குச் சிறுவன் என்ன பாடுபடுத்தியிருப்பான் என்று தமக்கையார் நினைவூட்டவே அமைந்தார். காரில் குழந்தைகள் இருவரும் உறங்கினர். அன்னையாரும் தமக்கையாரும் உறங்கினர். ஆச்சி உறங்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, யாம் எழுதிக் கொடுத்த சீட்டையும் அனுமதிச் சீட்டையும் ஒன்றாக மடித்துக்கொண்டே, அத்தான் செவியில் விழாதவாறு எம்மிடம் கேட்டார்: “இந்த டிக்கெட்டு நாளைக்குச் செல்லாதோ?”