ஒரு திருப்புத் திருப்பினால்...

மகாபலிபுரத்துக்குக் காமிராவும் கையுமாகப் போகிறவர்களுக்குக் கணக்கில்லை. வட சென்னைக்கு அப்படிப் போகிறவர்கள் எத்தனை பேர்? "அங்கே என்ன இருக்கிறது, புகையும் லாரியும்தானே!" என்கிறீர்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு வாருங்கள். புறப்படுமுன் காமிராப் பையில் ஒரு சின்ன வளையத்தை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அதன் பெயர் போலரைசிங் ஃபில்டர். லென்ஸின் முகத்தில் திருகி மாட்டும் கண்ணாடி வில்லை. டிஜிட்டல் காமிராவுக்கு வாங்கும்போது கடையில் 'ஸி.பி.எல்.' என்று கேளுங்கள். பழைய 'லீனியர்' ரகத்தை மாட்டினால், எஸ்.எல்.ஆர். காமிராக்களில் தானாக ஃபோகஸ் ஆவதும் வெளிச்சத்தை அளப்பதும் குழம்பிப் போகக்கூடும்.

அது என்ன செய்கிறது? ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தோசைத் திருப்பியை நுழைத்துப் பாருங்கள். நிமிர்த்திப் பிடித்தால் நுழையும். குறுக்கே பிடித்தால் முட்டிக்கொண்டு நிற்கும். ஒளியும் அப்படித்தான். சூரிய ஒளி எல்லாத் திசையிலும் அதிர்கிறது. ஆனால், தண்ணீரில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் குறுக்கு வாட்டத்திலேயே அதிர்கிறது. வளையத்தைத் திருப்பிக் 'கம்பி'களை நிமிர்த்திவிட்டால், கண்ணைக் கூசவைக்கும் அந்த ஒளி வாசலிலேயே நின்றுவிடும்!

முதலில் ராயபுரம் ரயில் நிலையம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்தப் பழைய தூண்களுக்குப் பின்னால் வானம் வெளிறிக் கிடக்கிறதா? ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டை விரலைச் செங்குத்தாக விரியுங்கள். கட்டை விரல் காட்டும் பக்கத்து வானம்தான் இந்த வளையத்துக்கு நன்றாக மசியும். திருப்பத் திருப்பக் கருநீலமாகும். புகை மூட்டம் இருந்தால் மட்டும் பலன் குறையும்.

அடுத்தது காசிமேடு. படகுகளின் பச்சையும் சிவப்பும் வெயிலின் பளபளப்பில் வெளுத்துத் தெரியும். ஒரு திருப்பு, பெயிண்டின் அசல் நிறம் எழுந்து வரும். வெறும் இரும்பின் பளபளப்பு மட்டும் இதற்கு அசையாது. வளையம் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிவிடுமாகையால், கை ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குள் அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

"இதையெல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் சரி செய்துகொள்ளலாமே?" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். நிறத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால், பளபளப்பு மூடி மறைத்த விஷயம் படத்தில் பதியவே இல்லையே, அதை எங்கிருந்து கொண்டுவருவது?

நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஸி.வி. ராமன் 1921-ல் கப்பல் பிரயாணத்தின்போது செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். நிக்கோல் பட்டகம் என்ற படிகத்தின் வழியே கடலைப் பார்த்து, மேற்பரப்பில் பிரதிபலித்த வானத்தை அகற்றினார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது! வானத்திடம் வாங்கிய இரவல் மட்டுமல்ல, தண்ணீருக்கே சொந்தமான நீலமும் உண்டு என்று தெரிந்தது. அந்த ஆராய்ச்சி வளர்ந்துதான் 1928-ல் ராமன் விளைவாயிற்று. 1930-ல் நோபல் பரிசும் வந்தது. நம் கையிலுள்ள வளையம் அந்தப் பட்டகத்தின் தங்கை என்று சொல்லலாம்.

திருவொற்றியூர் தியாகராஜரைக் கும்பிட்டுவிட்டு வடக்கே போனால் எண்ணூர். கொசஸ்தலையாறு கடலோடு சேரும் முகத்துவாரம். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே தடவி இறால் பிடிக்கும் பெண்களை இந்த ஆற்றில் பார்க்கலாம். அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து, ஆற்றின் அடியில் சாம்பல் படிந்திருக்கிறது. 2017 ஜனவரியில் இந்தக் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரைக்கு வந்ததை ஜனங்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்து, ஆற்றையும் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது.

இங்கேதான் வளையம் ஒரு வேடிக்கை செய்கிறது. பளபளப்பை அகற்றும் பக்கம் திருப்பினால், ஆழமில்லாத இடத்தில் அடியிலுள்ள சாம்பல் வண்டல் தெரியும். ஆனால், மேலே மிதக்கும் மெல்லிய எண்ணெயின் வானவில் நிறம் மங்கிவிடும். ஏனென்றால், அந்த நிறமே பிரதிபலிப்பால் வருவதுதான். கால் சுற்று மறுபடி திருப்புங்கள்: எண்ணெய் தெரியும், சாம்பல் ஒளிந்துகொள்ளும். ஒரே ஆறு, ஒரே நிமிஷம். படம் மட்டும் இரண்டு.

ஆகையால் எண்ணூரில் ஒரு படத்தோடு நிறுத்தாதீர்கள். இரண்டு திருப்பிலும் ஒவ்வொன்று எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வளையம் போட்டு எடுத்தது என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். இறால் பிடிக்கும் அந்தப் பெண்மணி படங்களைப் பார்த்தால், "ஆமாம், இது எங்கள் ஆறுதான்" என்று சொல்ல வேண்டும்.